பார்க்கவில்லை என்பது பதிலாகாது

விபத்தில் சிக்கிய லாரியின் டிரைவர் காவல் நிலையத்தில் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "பக்கத்துல வண்டி வந்ததையே நான் பாக்கல சார்." அடிபட்டவரின் குடும்பத்துக்கு இது பச்சைப் பொய்யாகப் படும். பட்டப்பகலில், அவ்வளவு பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் வந்த பைக் எப்படித் தெரியாமல் போகும்?

ஆனால் பல விபத்துகளில் அவர் சொல்வது உண்மை. அவர் பார்க்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த யாராலும் பார்த்திருக்க முடியாது. அதே சமயம், அந்த உண்மை டிரைவரையோ லாரி முதலாளியையோ காப்பீட்டு நிறுவனத்தையோ பொறுப்பிலிருந்து விடுவிப்பதும் இல்லை. லாரியைச் சுற்றி டிரைவரின் கண்ணுக்குத் தெரியாத இடம், அதாவது மறைவிடம், எங்கே, எவ்வளவு என்பதை அளந்து சொல்லிவிடலாம். அளந்து சொல்லக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே தவிர்த்திருக்கவும் முடியும். தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்காமல் விட்டவருக்குத்தான் சட்டம் பொறுப்பு வைக்கிறது.

இதைப் பேச நாமக்கல் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. லாரிக்கு பாடி கட்டுவதிலும், கேஸ் டேங்கர் ஓட்டுவதிலும், சரக்கு லாரி நடத்துவதிலும் நாடறிந்த ஊர் நாமக்கல். அதே மாவட்டத்தில்தான் கொல்லிமலை நிற்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையின் உட்பிரிவுகளான 14 நாடுகளில் ஒன்றான திருப்புலி நாட்டிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ நாமக்கல் போக வேண்டுமானால், மலைச்சாலையில்தான் இறங்க வேண்டும். மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் ஏற்றிய வண்டிகள், அரசுப் பேருந்து, சுற்றுலா வேன், இருவர் மூவராகப் போகும் பைக் எல்லாம் அதே தார்ச்சாலையின் அகலத்துக்குள்தான். மலையை விட்டு இறங்கினால் காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் என்று கடைவீதிகள்; அங்கே லாரியும் நடந்து போகிறவர்களும் ஓரடி இடைவெளியில் நகர்கிறார்கள்.

மறைவிடத்தின் கணக்கு

ஒரு சரக்கு லாரியை எடுத்துக்கொள்வோம். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும்; கணக்குக்காக ஒரு மாதிரி. டிரைவரின் கண் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கதவில் கண்ணாடி தொடங்கும் விளிம்பு 1.8 மீட்டர் உயரம். நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். ஆகவே வலப்பக்க விளிம்பு அவர் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இடப்பக்க விளிம்போ 1.7 மீட்டர் தள்ளி.

கண்ணிலிருந்து விளிம்பைத் தொட்டுக் கீழிறங்கும் ஒரு நேர்கோட்டை மனதில் வரையுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் எதுவும் தெரியாது. வலப்பக்கம் அந்தக் கோடு கதவிலிருந்து 1.2 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடுகிறது. இடப்பக்கம் அது தரையைத் தொடுவது கதவிலிருந்து 5.1 மீட்டர் தள்ளி. வலப்பக்கத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

இந்த இடைவெளியில் ஆட்களை நிறுத்திப் பாருங்கள். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தலை இருக்கும் ஒரு பைக்காரர் இடக்கதவிலிருந்து 85 சென்டிமீட்டருக்குள் வந்தால், ஹெல்மெட்டின் உச்சிகூட ஜன்னல் வழியே தெரியாது. 1.1 மீட்டர் உயரமுள்ள ஒரு பள்ளிக் குழந்தை கதவிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர், அதாவது ஆறரை அடி தள்ளி நின்றாலும் தெரியாது. முன்பக்கமும் இதே கதைதான். கண்ணுக்கும் முன்கண்ணாடியின் கீழ்விளிம்புக்கும் 80 சென்டிமீட்டர் என்று வைத்தால், கண்ணாடியிலிருந்து 90 சென்டிமீட்டருக்குள் குறுக்கே நடக்கும் அதே குழந்தை டிரைவரின் பார்வைக்குள் வருவதே இல்லை. கடைவீதியில் நின்ற லாரி நகரத் தொடங்கியதும் நடக்கும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பின்பார்வைக் கண்ணாடிகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன, முழுமையாக அல்ல. பக்கவாட்டில் பொருத்தும் குவிகண்ணாடி பரந்த பரப்பைக் காட்டும். ஆனால் உருவத்தைச் சிறிதாக்கிவிடும், தூரத்தில் இருப்பதுபோலவும் காட்டும். நேரக் கணக்கும் உண்டு. லாரி 10 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, பின்னால் ஒரு பைக் 25-இல் வருகிறது. இரண்டுக்கும் வேக வித்தியாசம் 15 கிலோமீட்டர். விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல். டிரைவர் இடக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு, முன்னால் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, மறுபடி இடக்கண்ணாடிக்கு வர மூன்று விநாடி ஆனால், அதற்குள் பைக் 12 மீட்டர் முன்னேறிவிடும். முதல் பார்வையில் லாரியின் வாலுக்குப் பின்னால் இருந்தவர், அடுத்த பார்வைக்குள் கதவோரம் வந்து மறைந்துவிடுகிறார்.

முன்கண்ணாடியைத் தாங்கும் தூணும் அதையொட்டிய பக்கக் கண்ணாடியும் சேர்ந்து 20 சென்டிமீட்டர் அகலம் என்றால், 16 மீட்டர் தூரத்தில் இரண்டரை மீட்டருக்கும் மேலான பரப்பை இரண்டு கண்களிலிருந்தும் மறைக்கின்றன. ஒரு முழு பைக் அதற்குள் அடங்கிவிடும். மலை வளைவில் லாரியும் திரும்புகிறது, எதிரே வரும் பைக்கும் திரும்புகிறது. இரண்டின் அசைவும் ஒத்துப்போனால், பைக் பல விநாடிகள் தூணுக்குப் பின்னாலேயே பயணம் செய்யும். முன்கண்ணாடியில் தொங்கும் மாலை, எலுமிச்சை, ஒட்டுப் படங்கள், அலங்காரத் தொங்கல்கள் எல்லாம் இந்த மறைவை இன்னும் பெரிதாக்குகின்றன.

கொண்டை ஊசியில் பின்சக்கரம்

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் போவதில்லை. வளைவின் உட்புறமாக ஒதுங்கிப் போகும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 5 மீட்டர் உள்ள லாரியின் முன்பக்கம் 10 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், பின்னச்சு ஏறத்தாழ 8.7 மீட்டர் ஆரத்தில்தான் வளையும். அதாவது பின்சக்கரம் 1.3 மீட்டர், நாலடிக்கு மேல், உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. வண்டியின் நீளம் கூடக்கூட இந்த வெட்டும் கூடும்.

இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் இதை நன்கு அறிந்த டிரைவர் என்ன செய்கிறார்? பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறாமல் இருக்க, முதலில் வண்டியை வலப்பக்கமாக விரித்து, பிறகு இடப்பக்கம் ஒடிக்கிறார். விரித்த அந்தக் கணத்தில் லாரிக்கு இடப்பக்கம் அகலமான வழி ஒன்று திறக்கிறது. பின்னால் வரும் பைக்காரருக்கு, லாரி ஒதுங்கி வழிவிட்டதாகத் தோன்றும். அவர் நுழைகிறார். அவர் நுழைந்த இடம் டிரைவரின் ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் அகப்படாத இடம். லாரி இடப்பக்கம் ஒடிகிறது, வழி மூடுகிறது, பின்சக்கரம் உள்ளே வெட்டி வருகிறது. சேந்தமங்கலம் கடைவீதியில் இடப்பக்கம் திரும்பும் லாரிக்கும் இதே விதிதான்.

இந்த இடப்பக்கத்துக்கு நம் லாரித் தொழிலில் நெடுங்காலம் ஒரு காவல் இருந்தது. அவர் பெயர் கிளீனர். "ரைட்... வரட்டும் வரட்டும்... நிறுத்து" என்று கதவைத் தட்டிச் சொன்ன கிளீனர், டிரைவரின் இடக்கண்ணாக இருந்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பின்னால் நின்றார். இன்று செலவைக் குறைக்கப் பல லாரிகள் கிளீனர் இல்லாமல் ஓடுகின்றன. அவர் உட்கார்ந்த இடத்தில் கேமராவோ உணரியோ வைக்கப்பட்டதா என்றால், பெரும்பாலும் இல்லை. மறைவிடம் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த கண் போய்விட்டது. இது முதலாளி எடுத்த முடிவு, சாலை தந்த விதி அல்ல. இழப்பீட்டு வழக்கில் இந்த வேறுபாடு முக்கியமானது.

சட்டம் என்ன கேட்கிறது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இத்தனை குடும்பங்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பேச்சுவழக்கில் எம்.சி.ஓ.பி. வழக்கு.

குற்றவியல் வழக்கு தனி, இழப்பீட்டு வழக்கு தனி. முன்னதில் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் அவ்வளவு கறாரான நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2009-இல் பிம்லா தேவி வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆகவே டிரைவர் குற்றவியல் வழக்கில் விடுதலை ஆனாலும் இழப்பீடு கிடைக்கலாம்.

கவனக்குறைவு என்பது பார்த்தும் மோதுவது மட்டுமல்ல. பார்க்க முடியாது என்று தெரிந்த இடத்துக்குள் வண்டியைத் திருப்பும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கவனக்குறைவுதான். ஆபத்து விளையாது என்று உறுதி செய்துகொள்ளாமல் பின்னோக்கி எடுக்கக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். "பார்க்கவில்லை" என்ற வாக்குமூலமே, உறுதி செய்துகொள்ளவில்லை என்பதற்குச் சான்றாகிறது.

எதிர்த்தரப்பு சொல்லப்போவதும் தெரிந்ததுதான்: "பைக்காரர் இடப்பக்கமாகப் புகுந்தார்." அது உண்மையானால் தீர்ப்பாயம் அவர் பங்குக்குக் குறிப்பிட்ட விழுக்காட்டைக் கழிக்கும். ஆனால் கழிப்பது வேறு, தள்ளுபடி வேறு. பைக்கில் மூவர் போனார்கள் என்பதாலேயே அவர்கள் மீது பங்குக் குற்றம் சுமத்த முடியாது, அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமானது என்று காட்ட வேண்டும் என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னால் உட்கார்ந்து போனவருக்கு இன்னும் வலுவான நிலை. லாரி மீதும் பைக் மீதும் தவறு இருந்தால், இருவரில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் அவர் கேட்கலாம் என்கிறது 2015-இன் கென்யெய் தீர்ப்பு.

முதல் சில நாட்கள்

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் முதல் வேலை. சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. உதவுபவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி ஏழு நாட்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு.

அடுத்தது காவல் நிலையப் புகார். மலையில் இது பல நேரங்களில் நடப்பதில்லை. "கேஸ் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவைப் பாத்துக்கறோம்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடிக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து எலும்பு கூடவில்லை என்று தெரியும்போது, கையில் முதல் தகவல் அறிக்கை இருக்காது. லாரியின் எண்கூடச் சரியாக இருக்காது. பேசி முடித்த தொகை காலின் விலைக்குப் பக்கத்திலும் வராது. ஆகவே எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரசீதுகள் ஒன்றுவிடாமல் பத்திரமாக இருக்க வேண்டும். இந்த வழக்கில் காகிதம்தான் சாட்சி.

மறைவிட விபத்துக்கென்று தனியாகச் சில சான்றுகள் தேவை. லாரியின் பக்கக் கண்ணாடிகள் விபத்தன்று இருந்தனவா, உடைந்திருந்தனவா, எந்தக் கோணத்தில் இருந்தன? முன்கண்ணாடியில் எவ்வளவு இடம் ஒட்டுப்படத்தால் மறைந்திருந்தது? பக்கவாட்டுத் தடுப்பு இருந்ததா? கிளீனர் இருந்தாரா? வண்டியை எடுத்துப் போவதற்குள் யாராவது கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டால் பிறகு வாதம் சுலபம். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம் ஆகியவற்றின் நகல்களை வாங்கி, சக்கரத் தடமும் பைக் கிடந்த இடமும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்சக்கரம் ஏறியது என்றால், அது லாரி திரும்பியதைச் சொல்கிறது. முன்பம்பரின் மூலையில் மோதிய தடம் வேறு கதை சொல்கிறது.

எந்த மனு

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் மூன்று வழிகள் உள்ளன. பிரிவு 166-இன் கீழ் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்கலாம். விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் எதிலும் மனுப் போடலாம். ஆந்திர லாரி மோதினாலும் நாமக்கல்லிலேயே வழக்கு நடத்தலாம். பிரிவு 164-இன் கீழ் யார் தவறு என்று காட்டவே வேண்டாம், உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் 166-இன் மனு காலாவதியாகிவிடும். கைநீட்டும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். லாரி நிற்காமல் போய், எண்ணும் தெரியவில்லை என்றால் பிரிவு 161: உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. இதற்கு வருவாய்க் கோட்ட அல்லது வட்ட அளவிலான அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல், பிரிவு 166-இன் மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அதை நம்பி யாரும் தாமதிக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

தொகை எப்படிக் கணக்காகிறது? மாதம் ரூ.15,000 சம்பாதிக்கும் 32 வயது மிளகு பறிக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1.8 லட்சம். 40 வயதுக்குக் கீழான சுயதொழிலாளருக்கு வருங்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது 2017-இன் பிரணய் சேதி தீர்ப்பு, ஆக 2.52 லட்சம். 31 முதல் 35 வயதுக்குப் பெருக்க எண் 16 என்பது 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு, ஆக 40.32 லட்சம். சம்பாதிக்கும் திறனில் 40 விழுக்காடு போய்விட்டதென்றால் வருமான இழப்பு மட்டும் ரூ.16,12,800. மருத்துவச் செலவு, வலி, துணையாள் செலவு எல்லாம் இதற்கு மேல்.

இதில் திறன் இழப்புக்கான "40 விழுக்காடு" எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். மருத்துவர் தரும் ஊன விழுக்காடும், தொழில் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. முழங்காலில் 40 விழுக்காடு ஊனம் ஒரு எழுத்தருக்கு வேலையைப் பறிக்காமல் போகலாம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறி மிளகு பறிப்பவருக்கு அது தொழிலையே முடித்துவிடும். ஆகவே அவர் என்ன வேலை செய்கிறார், எப்படி ஏறுகிறார், இப்போது ஏன் முடியாது என்பதைச் சாட்சியத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும். "கூலி" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தால் லட்சங்கள் போய்விடும்.

வழக்கறிஞர் செலவுக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன்படி பட்டியல் பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கொல்லிமலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே உரிமை உண்டு. நாமக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்ற எண்ணிலோ அணுகலாம். ஆஸ்பத்திரி வாசலில் வந்து கையெழுத்துக் கேட்கும் புரோக்கர்களிடம் எச்சரிக்கை தேவை. கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே எதிரானது.

செய்யக்கூடியது

லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் நேரடியாக எவ்வளவு பார்க்க முடியும் என்பதை அளந்து நட்சத்திர மதிப்பு தருகிறார்கள். 2021 மார்ச்சில் அமலுக்கு வந்த அந்த விதி 2024 அக்டோபரில் கடுமையானது: மூன்று நட்சத்திரத்துக்குக் கீழான லாரி கேமரா, உணரி போன்ற கூடுதல் பாதுகாப்பு இல்லாமல் நகருக்குள் வர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய லாரிகள் எல்லாவற்றிலும் பக்கவாட்டு மறைவை எச்சரிக்கும் கருவி கட்டாயம். இந்தியாவிலும் 2025 மார்ச்சில் இத்தகைய கருவிகளைக் கனரக வாகனங்களுக்குக் கட்டாயமாக்கும் வரைவு விதிகள் வெளியாயின. ஆனால் அவை புதிய வண்டிகளுக்கானவை. இன்று மலையேறிக்கொண்டிருக்கும் பழைய லாரிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

அந்தப் பழைய லாரிகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் கைகள் நாமக்கல்லிலேயே இருக்கின்றன. இடக்கதவின் கீழ்ப்பாதியில் ஒரு சிறு கண்ணாடி ஜன்னல், கதவோரத்தைக் கீழ்நோக்கிக் காட்டும் ஒரு கூடுதல் குவிகண்ணாடி, பின்சக்கரத்துக்கு முன்னால் உறுதியான பக்கத் தடுப்பு, டாஷ்போர்டில் ஒரு கேமராத் திரை: இவற்றைப் பொருத்த வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை, ஒரு பாடி பட்டறை போதும். தகுதிச் சான்று (எஃப்.சி.) புதுப்பிக்க வரும் ஒவ்வொரு லாரியிலும் கண்ணாடிகளையும் பக்கத் தடுப்பையும் முன்கண்ணாடி ஒட்டுப்படங்களையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சரக்கு ஏற்றக் கொல்லிமலைக்கு வரும் லாரிகளில் கிளீனரோ உதவியாளரோ இருந்தே ஆக வேண்டும் என்று லாரி உரிமையாளர் சங்கங்களே தங்களுக்குள் விதி வைத்துக்கொள்ளலாம்.

பைக்கில் போகிறவர்களுக்கும் ஒரே ஒரு பாடம் இருக்கிறது: லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரிய வழியில்லை. இடப்பக்கம் திறக்கும் வழி உங்களுக்கான வழி அல்ல. பள்ளிகளில் பிள்ளைகளை ஒரு லாரியைச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொருவராக டிரைவர் இருக்கையில் ஏற்றி, வெளியே நிற்கும் எத்தனை நண்பர்கள் தெரியவில்லை என்று எண்ணச் சொன்னால் அரை மணி நேரத்தில் இந்த அறிவியல் முழுவதும் விளங்கிவிடும்.

ஆனால் எச்சரிக்கையாக இருக்கும் கடமையை அடிபடுகிறவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பல டன் எடையை வளைவில் திருப்புகிறவரும், அந்த வண்டியால் வருமானம் பெறுகிறவரும், தங்கள் வண்டியைச் சுற்றி யார் தெரியமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமை தவறியதால் காலையோ கணவரையோ இழந்த குடும்பம் தீர்ப்பாயத்தில் கேட்பது கருணைத் தொகை அல்ல. சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டிய கடன் அது. ஆறு மாதத்துக்குள் போய்க் கேளுங்கள்.